வாத்தியார் வேஷம்

கேள்வி: நான் வேலூரை அடுத்த கணியம்பாடியைச் சேர்ந்தவள். வயது 24. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுக் காட்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களில் ஐந்து நாடகங்களில் நடித்தேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து, 1806ஆம் ஆண்டின் வேலூர்ப் புரட்சியை 25 நிமிட நாடகமாகப் போட்டேன். ஒரே ஒரு தலைப்பாகையைத் தவிர மேடையில் வேறு பொருள் எதுவும் வைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பிக்க வேண்டும், நடிக்க வேண்டும், இயக்க வேண்டும் என்பது என் ஆசை. மூன்றும் ஒருவரால் முடியுமா? ஆசிரியர் வேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிடாதா? அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறார். 'கூத்தாடவா எம்.ஏ. படிக்க வைத்தேன்? பி.எட். சேர்' என்கிறார். என் தாய்மாமா ஆரணிப் பக்கம் ஒரு ஜமாவில், அதாவது தெருக்கூத்துக் குழுவில், பெண் வேஷம் கட்டுபவர். அவர் பேச்சையே எங்கள் வீட்டில் எடுக்க முடியாது. கடைசியாக ஒன்று: மேடையில் நடிக்கும் ஆசிரியரை மாணவர்கள் மதிப்பார்களா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை அந்தத் தலைப்பாகை வரியிலேயே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடங்களில் வேலூர்ப் புரட்சியை நாடகமாகப் போடும்போது அட்டையில் கோட்டை செய்வார்கள், மரத்துப்பாக்கி கொடுப்பார்கள், புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரையில் பாய்ந்து வரும் பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பிக்கு நல்ல உயரமான பையனாகத் தேடுவார்கள். நீங்கள் கோட்டையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டீர்கள். சிப்பாய்களின் தலையில் புதிதாகத் திணிக்கப்பட்ட அந்தத் தலைப்பாகையிலிருந்துதானே நெருப்பு பற்றியது! அதை மட்டும் வைத்துக்கொண்டது எதை விடுவது என்று தெரிந்த கை. இதைச் சொல்லிக்கொடுக்கச் சில மாணவர்களிடம் எனக்கு இரண்டு முழு ஆண்டுகள் பிடித்தன. ஆகவே உங்கள் இயக்கத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மற்ற இரண்டையும் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் செய்யாறு வட்டத்துக்காரி. ஒரு பல்கலைக்கழக நாடகத் துறையில் 26 ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவள். நடிக்கவும் செய்தேன், இயக்கவும் செய்தேன். எதை எவ்வளவு என்ற கணக்கைக் கீழே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மூன்றும் ஒருவரால் முடியுமா என்று நீங்கள் கேட்டது எனக்குக் கொஞ்சம் சிரிப்பை வரவழைத்தது. உங்கள் மாமாவின் ஜமாவை நடத்துபவரை எப்படி அழைக்கிறார்கள்? வாத்தியார். மழைக்காலத்தில் பையன்களுக்கு அடவு கற்றுத்தருவது அவர். கர்ணனை யார் கட்டுவது, பொன்னுருவியை யார் கட்டுவது என்று முடிவு செய்வது அவர். இரவு பத்து மணிக்குமேல் புஜக்கட்டையும் கிரீடமும் ஏற்றிக்கொண்டு துரியோதனனாகத் திரைக்குப் பின்னால் வந்து நிற்பதும் அவரே. ஆடிக்கொண்டிருக்கும்போதே கண்ணசைவில் மிருதங்கக்காரருக்கு 'நீட்டு' என்பார், கட்டியங்காரனிடம் 'முடி' என்பார். கற்பித்தல், இயக்கம், நடிப்பு மூன்றுக்குமாக நம் வட ஆற்காட்டில் இருப்பது ஒரே பெயர். சென்னையில் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவின் நடிகர்கள் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் பாடம் கேட்டார்கள் என்றால், இப்படிப்பட்ட ஒரு வாத்தியாரிடம்தான் கேட்டார்கள். பல்கலைக்கழகங்கள் இந்த வேலையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சம்பளப் பட்டியலில் ஏற்றின, அவ்வளவுதான்.

ஆனால் ஜமா வாத்தியாருக்கும் பல்கலைக்கழக ஆசிரியருக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. ஜமாவில் இன்று திரௌபதி கட்டுபவர் பத்து ஆண்டு கழித்தும் திரௌபதி கட்டுவார். அவர் குரல் எங்கே உடையும், எந்த விருத்தத்தில் மூச்சு வாங்கும் என்பது வாத்தியாருக்கு அத்துப்படி. பல்கலைக்கழகத்திலோ உங்கள் குழு ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் கலைந்துவிடும். ஜூலையில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு உள்ளே வரும் ஒரு பையனை நிற்க வைக்க, நடக்க வைக்க, கேட்க வைக்க ஓராண்டு ஆகும். இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான் அவன் நடிகனாகத் தொடங்குவான். 'சரி, இனி இவனை வைத்து ஒன்று செய்யலாம்' என்று உங்களுக்குத் தோன்றும் அதே வாரத்தில் அவன் மாற்றுச் சான்றிதழ் வாங்க அலுவலக வாசலில் நிற்பான். முதல் ஐந்தாறு ஆண்டுகள் இது என்னை வாட்டி எடுத்தது. பிறகு பழகிவிட்டது என்று எழுதினால் பொய். பழகவில்லை. இந்தக் கலைதலைத் தாங்க முடியுமா என்பதுதான் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி. மூன்றும் முடியுமா என்பது அதற்குப் பிறகு.

இன்னொரு சங்கடம் பாத்திரத் தேர்வு. வெளியே ஒரு நாடகம் இயக்கினால் பாத்திரத்துக்கு நடிகரைத் தேடுவீர்கள். வகுப்பில் நாடகம் இயக்கினால் மாணவருக்குப் பாத்திரம் தேட வேண்டும். பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு பேருக்கும் மதிப்பெண் போட்டாக வேண்டும். வாய் திறக்கக் கூசும் பெண்ணை 'கூட்டத்தில் ஒருத்தி' ஆக்கிவிட்டால் உங்கள் நாடகம் தப்பிக்கும், அவள் படிப்பு தப்பாது. ஒருமுறை, திக்கிப் பேசும் மாணவன் ஒருவனுக்கு நான் தூதன் வேடம் கொடுத்தேன். நாடகத்தின் வேகம் நொண்டியது. பார்க்க வந்த நண்பர் ஒருவர், 'ஏன் இவன்?' என்று நேராகவே கேட்டார். இயக்குநராக அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆசிரியராக இருந்தது. இந்த இரண்டு பேரும் உங்களுக்குள் ஓயாமல் சண்டை போடுவார்கள். பெரும்பாலும் ஆசிரியர் ஜெயிக்க வேண்டும்.

இனி நேரம். உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வகுத்த அளவு. கேட்க இதமாக இருக்கிறதல்லவா? வகுப்பு அட்டவணையில் ஏறாதது மாலை ஒத்திகை. நாடகம் அரங்கேறும் பருவத்தின் கடைசி ஆறு வாரங்களில் ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது, பத்து வரை போகும். பெண்கள் விடுதி மூடும் நேரத்துக்காக விடுதிக் காப்பாளரிடம் தினமும் கையெழுத்துக்கு நிற்பதும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களின் காட்சியை முதலில் முடித்து அனுப்புவதும் இயக்குநர் வேலையில் சேர்த்தியா என்று கேட்காதீர்கள். அதில் பாதி அதுதான்.

ஆனால் காலை வகுப்பு இருக்கிறதே, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கரும்பலகையில் எழுதி விளக்குவதோடு நான் நின்றதில்லை. மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துப்போய், கட்டைவிரலை அடுக்கி அடுக்கி 24 விரல் அளவில் ஒரு கோல் செய்யச் சொல்வேன். பிறகு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். உயரம் ஒரு கோல். கோடு போட்டு முடித்ததும் நடுவில் நிற்கும் ஆளுக்கு முகம் மாறும். 'இவ்வளவு சின்னதா? இதில் மாதவி எப்படி ஆடினாள்?' என்பார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்பேன். அரங்கின் மூன்று எழினிகளை, அதாவது திரைகளை, சொல்லும்போது, நம் பக்கத்துக் கூத்தில் இரண்டு பேர் பிடித்து நிற்கும் திரை யாராவது ஒருவருக்கு நினைவு வரும். ஊரில் வெட்கப்பட்டு மறைத்துவைத்திருந்ததை அன்று வகுப்பில் உரக்கச் சொல்வான். இப்படி ஒரு காலைப்பொழுது கிடைக்கும் வேலை வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

நடிப்புதான் பட்டினி கிடக்கும். என் 26 ஆண்டுகளில் இயக்கியது நாற்பதுக்கு மேல் இருக்கும், நடித்தது ஒன்பது. அதுவும் வெளியே ஒரு சிறு குழுவை நண்பர்களோடு வைத்திருந்ததால். நீங்கள் வேலையில் சேரும் முதல் ஆண்டிலேயே இப்படி ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நான்கு பேர் போதும். அவர்கள் உங்கள் மாணவர்களாக இருக்கக்கூடாது. உங்களைத் திட்டக்கூடியவர்களாக இருக்க வேண்டும். இதற்கு முன்னோடிகள் உண்டு. மு. ராமசாமி 1978இல் மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கியவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையிலும் ஆசிரியராக இருந்தார். இயக்கியதோடு நிற்காமல் பெரியாராகத் தாமே மேடையேறினார். அ. மங்கை நாடகத் துறையிலேயே இல்லை. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பல பத்தாண்டுகள் நாடகம் இயக்கியவர். உங்களுடையதும் ஆங்கில எம்.ஏ. என்பதால் இந்த இரண்டாவது வழியை அழுத்திச் சொல்கிறேன். சினிமா அழைப்பும் ஒருநாள் வரும். போவதென்றால் நிர்வாகத்தின் முன் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வம் இல்லை.

இனி வழி. கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான 'நெட்'டை ஆங்கிலத்தில் எழுதித் தேறினால் ஆங்கிலத் துறைக்குத்தான் போகலாம். நாடகத் துறை வேண்டுமென்றால் அந்தப் பாடத்திலேயே முதுகலை வேண்டும். அருகில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தஞ்சை இருக்கிறது. மொழி தடையில்லை என்றால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பயிற்சிக்கு வயது 30க்குள் இருக்க வேண்டும், பட்டம் வேண்டும், ஆறு நாடகங்களிலாவது பங்கெடுத்திருக்க வேண்டும். நடித்த ஐந்தோடு உங்கள் தலைப்பாகை நாடகத்தைச் சேர்த்து ஆறு என்று எழுதலாம். ஆனால் அழைப்பிதழ், புகைப்படம், பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். இருக்கின்றனவா?

நாடகத்தில் முதுகலை முடிந்ததும் நிகழ்த்துக் கலை என்ற பாடத்தில் 'நெட்' எழுதுவீர்கள். இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்தாண்டு சலுகை உண்டு. கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இதைத் தவிரக் கலைஞர்களுக்கென்றே ஒரு வாசலும் யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறையில் இருக்கிறது. நாடகப் பள்ளியில் முதல் வகுப்பில் தேறி, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து மேடையேறிப் பெயர் பெற்றதைச் சான்றோடு காட்டி, பாடத்தை விளக்கிச் சொல்லும் திறமும் இருந்தால் அந்த வழியிலும் உதவிப் பேராசிரியர் ஆகலாம். விதிகள் மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரிவரியாக நீங்களே வாசியுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று போய் நிற்காதீர்கள்.

'சான்றோடு' என்ற சொல்லில்தான் நான் ஒருமுறை தடுக்கி விழுந்தேன். பதவி உயர்வுக்கான நேர்காணலில் பதினெட்டு நாடகங்களின் பட்டியலை நீட்டினேன். குழுவில் இருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'நாடகம் முடிந்துபோய்விட்டதே அம்மா, கட்டுரை எங்கே?' என்றார். கோபம் வந்தது. யோசித்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. காற்றில் போய்விடும் ஒன்றை வேலையாக வைத்திருக்கிறோம். பிடித்துவைக்கும் பொறுப்பும் நம்முடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு தடித்த நோட்டுப் போட்டேன். ஒத்திகைத் தேதி, மாற்றிய வசனம், மேடை வரைபடம், விளக்குப் பட்டியல், வந்தவர்களின் கையெழுத்து. அந்த நோட்டுகளிலிருந்துதான் பின்னால் என் கட்டுரைகள் எல்லாம் பிறந்தன. உயர்வு மூன்று ஆண்டு தாமதமாக வந்தது.

அப்பாவிடம் பேசும்போது இதையெல்லாம் சொல்லாதீர்கள். அவர் கணக்கு எழுதுபவர், கணக்கைக் காட்டுங்கள். நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி அளவில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்லுங்கள்: நாடகத்துக்கென்று துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இடம் காலியாகப் பல ஆண்டுகள் ஆகும். நடுவில் கௌரவ விரிவுரையாளராகவோ பள்ளிகளில் நாடகப் பயிற்சியாளராகவோ காலம் தள்ள வேண்டி வரும். இரண்டையும் நீங்களே சொன்னால் அவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும். நல்லதை மட்டும் சொன்னால், மீதியை வேறு யாரிடமாவது கேட்டுவிட்டு வந்து நிற்பார். பி.எட். பற்றி என் எண்ணம்: கெட்ட படிப்பு இல்லை, ஆனால் இப்போது வேண்டாம். இரண்டு ஆண்டு போய்விடும். தேசிய நாடகப் பள்ளியின் வயது வரம்பு முப்பதில் நிற்கிறது. முப்பது வயதுவரை அவரிடம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் ஒன்றும் அமையவில்லை என்றால் பி.எட். சேர்கிறேன் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்ற வேண்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

'கூத்தாட' என்ற சொல்லை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று என் காதில் விழுகிறது. என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். ஆடி மாதத்தில் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் விடிய விடிய உட்கார்ந்து அர்ச்சுனன் தபசைப் பார்த்துவிட்டு, காலையில் அதே கூத்தாடிக்குத் திண்ணையில் இடம் கொடுக்க யோசிக்கும் ஊர்கள் நம்முடையவை. அப்பாவின் வெட்கம் அவர் தனியாகச் சம்பாதித்தது அல்ல. அதனால் அவரோடு வாதாட வேண்டாம். ஆனால் மாமாவை இழந்துவிடாதீர்கள். உங்களுக்கு இப்போது கிடைக்கக்கூடிய மிக நல்ல ஆசிரியர் ஆரணிப் பக்கத்தில் இருக்கிறார். அவருக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது. பெண்ணாகப் பிறந்ததால் மேடையில் பெண்ணாக இருப்பது தானாக வந்துவிடும் என்று என் மாணவிகள் பலர் நினைப்பார்கள். வராது. உங்கள் மாமா அதைத் துண்டு துண்டாகக் கட்டுகிறார். வேஷம் 'கட்டுவது' என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை. தோளை எங்கே இறக்குகிறார், முந்தானையைப் பிடிக்கும் கை எதற்காகக் காத்திருக்கிறது, துகில் உரியும் காட்சியில் குரலை எப்போது மேலே ஏற்றுகிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். கூத்து ஆண்களுக்குத்தான் என்ற பேச்சும் பழையதாகிவிட்டது. காஞ்சிபுரத்துக்கு அருகில் பெருங்கட்டூர் ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் 2002 முதல் பெண் பிள்ளைகளும் கூடவே கற்றார்கள், மேடையேறினார்கள்.

வரும் பங்குனியிலிருந்து ஆடிக்குள் ஏதாவது ஓர் ஊர்ப் பாரதத் திருவிழாவை முதல் நாளிலிருந்து இறுதிப் படுகளம்வரை முழுக்கப் பாருங்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, இரண்டும். தொடர்ந்து இத்தனை இரவுகள் விழிப்பது சிரமம். முன்வரிசையில் உட்காராமல், வேஷம் கட்டும் கொட்டகைக்குள் மாமாவுக்குப் பக்கத்தில் இருங்கள். அவர் அரிதாரம் பூசும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் எப்போதும் தேவைப்படும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு 48 வயதிருக்கும்போது, இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் தேர்வுக்காக இயக்கிய நாடகத்தில் என்னைக் கிழவியாக நடிக்கக் கேட்டாள். ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரம் அவள் என்னை, 'மேடம், இன்னும் ஒருமுறை' என்று சலிக்காமல் வாட்டினாள். அரங்கேற்றத்தன்று மூன்றாம் காட்சியில் வசனம் சுத்தமாக மறந்துவிட்டது. எதிரில் மகனாக நின்றவன், முந்தைய பருவத்தில் வசனம் மறந்ததற்காக நான் மதிப்பெண் குறைத்த அதே பையன். அரங்கில் என் சக ஆசிரியர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவன் மூலையில் இருந்த சொம்பை எடுத்துவந்து, 'தண்ணீர் குடி ஆயா, மெதுவாகச் சொல்' என்றான். அது நாடகத்தில் இல்லாத வரி. குடித்தேன். வசனம் வந்தது. பார்த்தவர்கள் அதையும் எழுதிவைத்த காட்சி என்றே நினைத்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணி வகுப்புக்குப் போனேன். யாரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. என் மேசைமேல் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். மதிப்பா, கிண்டலா என்று நான் கேட்கவில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.